முதல் வரிசைக் குடை

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வரச் சொல்லி எர்சிலியா அம்மா ஃபோன் செய்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் குமட்டுகிறது.

"ஆகஸ்ட்ல எல்பா தீவுக்குப் போறதப் பத்திப் பேசணும் நிவெஸ். நீ இல்லாம எப்படி?" என்றாள்.

அவள் மகன் தாரியோ என்னை விட்டுப் போன பிறகு அந்த வீட்டிலிருந்து எனக்கு வந்த முதல் அழைப்பு அது. மறுநாளே, நான் வரவேற்பில் உட்காரும் பல் மருத்துவமனையில், ஆகஸ்ட் நடுவில் ஒரு வாரம் லீவு வேண்டும் என்று சொல்லி வாங்கியும் விட்டேன். புருஷன் போனால் போகட்டும், மாமியார் எனக்கு மிச்சம் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கல்யாணமான நாளிலிருந்து அவளை நான் அம்மா என்றுதான் கூப்பிடுகிறேன். என்னைப் பெற்றவள் போன பிறகு அந்த வார்த்தைக்கு எனக்கு வேறு ஆளும் கிடையாது.

எங்கள் பியாசென்சாவில் பிப்ரவரி மாதம் ஆற்றுப் பக்கமிருந்து வரும் பனிமூட்டம் எதிர்வீட்டைக்கூடக் காட்டாது. அந்த மாதத்தில்தான் எல்லா வீட்டிலும் கடலைப் பற்றிப் பேசுவார்கள். எந்தக் கப்பல், யார் எந்த அறையில் படுப்பது, யார் சமைப்பது என்று கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு திட்டம் போடுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே குடை. குடை இல்லாவிட்டால் எல்பா இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

எல்பாவில் ஒரெஸ்தே வாடகைக்கு விடும் கடற்கரையில் நிழற்குடைகள் வரிசை வரிசையாக நிற்கும். முதல் வரிசைக்கு முன்னால் கடல். ஆறாவது ஏழாவது வரிசைக்காரர்களுக்கு முன்னால் அடுத்தவன் முதுகு. முன்னால் வந்துவிட வேண்டும் என்று அவர்கள் வருஷக்கணக்காகக் காத்துக்கொண்டிருப்பார்கள். முதல் வரிசையில் ஒரு கிழவர் கொஞ்சம் பலமாக இருமினால் பின்னால் பத்துப் பேர் நிமிர்ந்து உட்காருவார்கள். இதை எல்லோரும் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். நானும்தான் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் குடை என் மாமனார் பிடித்த இடம். அவர் இறந்த குளிர்காலத்தில் குடையைப் பற்றி வீடே பேசியது, ஒருவரும் ஃபோன் செய்யவில்லை. மகள் செய்வாள் என்று மகன் இருந்தான், மகன் செய்வான் என்று மகள் இருந்தாள். இடம் கைவிட்டுப் போகிற நேரத்தில் நான்தான் ஒரெஸ்தேயைக் கூப்பிட்டுக் காப்பாற்றினேன். அன்றிலிருந்து வருஷா வருஷம் கூப்பிடுவது நான். அவன் என்னை மரியாதையாக சிஞோரா என்பான். ஒரெஸ்தேவுக்கு ஒரு வழக்கம் உண்டு. போன வருஷம் எந்தக் குரல் கேட்டதோ அந்தக் குரல்தான் இந்த வருஷமும் கேட்க வேண்டும். ஒப்பந்தம், கையெழுத்து ஒன்றும் கிடையாது. இவர்களில் ஒருவருக்கும் அது தெரியாது. ரத்தத்தோடு வந்த இடம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் போனபோது மேசை போட்டாகிவிட்டது. தாரியோவின் தங்கை மிரெல்லா இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். அவள் புருஷன் எத்தோரே எழுந்துகூட நிற்காமல் கையை ஆட்டினான். தாரியோ வரவில்லை. அவனுக்கு வேலையாம். ஞாயிற்றுக்கிழமையில் தரை ஓடு விற்பவனுக்கு என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. எர்சிலியா அம்மா எனக்குப் பிடித்த, மாவுக்குள் கீரை வைத்து மடித்த தொர்த்தெல்லி செய்திருந்தாள். தட்டு நிறைய வைத்து, அதன் மேல் வெண்ணெயை வழிய வழிய ஊற்றினாள். காரியம் ஆக வேண்டிய வீட்டில்தான் அத்தனை வெண்ணெய் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

"பியோம்பினோல காலைல முதல் கப்பல் பிடிச்சுடணும். அப்பத்தான் மத்தியானத்துக்குள்ள மணல்ல காலை நீட்டலாம்" என்றான் எத்தோரே. பல்லிடுக்கில் மாட்டிய கீரையை நாக்கால் உறிஞ்சிக்கொண்டே பேசினான். எண்ணெய் விரலாலேயே ஃபோனைத் தள்ளித் தள்ளிக் கப்பல் நேரம் பார்த்தான்.

"முதல் கப்பலுக்கு எப்ப கிளம்பணும் தெரியுமா? உனக்கென்ன, வண்டில ஏறின உடனே குறட்டை. ஓட்டறவ நான்" என்றாள் மிரெல்லா.

"நீ ஓட்டற அழகுக்குக் கண்ண மூடிக்கிட்டாத்தான் உயிர் நிக்குது."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் என் குரலும் இருந்தது என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

"வழியில சாப்பிட அரிசி சாலட் நான் செஞ்சு எடுத்துட்டு வரேன்" என்றேன்.

எத்தோரே ரொட்டியைக் கிழித்துத் தட்டில் மிச்சமிருந்த வெண்ணெயைத் துடைத்தான். துடைத்த ரொட்டியைப் பாதி கடித்துவிட்டு மறுபடியும் பொதுப் பாத்திரத்தில் தோய்த்தான். மிரெல்லா தொண்டையைச் செருமிக்கொண்டு படுக்கை விஷயத்துக்கு வந்தாள்.

"போன வருஷ வீடேதான். சின்ன ரூம் எங்களுக்கு. அம்மாவுக்கு ஹால்ல சோபா. பெரிய ரூம் அண்ணனுக்கு. தெபோராவுக்கு முதுகு வலி, மெத்தை நல்லதா இருக்கணும்."

தெபோரா என்பவள் போன வருஷம் அதே கடற்கரையில் ஆறாவது வரிசையில் இருந்தாள். சிகரெட்டுக்கு நெருப்பு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு ஒரு நாள் எங்கள் குடைக்கு வந்தாள். உடம்பெல்லாம் தேங்காய் வாசனைத் தைலம் பூசி, நான் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தின் மேல் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றாள். வெயிலில் நிற்கிறாளே என்று நான் அவளை நிழலில் உட்கார வைத்தேன். பீச் பழம் நறுக்கிக் கொடுத்தேன். வாரம் முடிவதற்குள் ஆறாவது வரிசைக்காரி என் புருஷன் மடிவரைக்கும் வந்துவிட்டாள். மற்றவர்கள் வருஷக்கணக்காகக் காத்திருக்கிற தூரம் அது. கடற்கரை முழுக்கத் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நான் முள்கரண்டியைக் கீழே வைத்தேன். "அப்ப எனக்கு எந்தப் படுக்கை?"

மிரெல்லா என் கைமேல் கையை வைத்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு கனிவு. நோயாளியிடம் பேசுகிற கனிவு.

"உன்ன நெனச்சுத்தான் யோசிச்சோம் நிவெஸ். நீ செப்டம்பர்ல போயேன். கூட்டம் இருக்காது, தண்ணியும் இதமா இருக்கும். ஆகஸ்ட்ல வந்து அவங்க ரெண்டு பேரையும் பாத்துட்டு நீ ஏன் வேதனைப்படணும்? எங்களால அத தாங்க முடியாதும்மா."

"நான் படற வேதனைய உங்களால தாங்க முடியாதா?"

"பாத்தியா, கோவிச்சுக்கற."

"அப்ப என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

அந்த இடத்தில் எர்சிலியா அம்மா எழுந்துவிட்டாள். "காபி போடறேன். நிவெஸ், கொஞ்சம் கூட வாயேன்" என்று சமையலறைக்குள் போனாள். நான் பின்னால் போனேன். கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு நீதான் பொண்ணு. அந்தத் தேங்காய்க்காரிய எனக்குப் பிடிக்கல. சத்தியமாப் பிடிக்கல. சாப்பிட்ட தட்ட எடுக்க மாட்டா, அம்மான்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டா. உன் இடம் யாருக்கும் வராது."

"அத அங்க வந்து சொல்லுங்கம்மா."

"எங்க?"

"மேசையில. அவங்க முன்னாடி. நிவெஸ் வரலேன்னா நானும் வரலேன்னு சொல்லுங்க. அது போதும்."

அவள் கதவைப் பார்த்தாள். குரலை இன்னும் இறக்கிக்கொண்டாள். "எனக்கு வயசாச்சு. நாளைக்கு விழுந்து கெடந்தா தூக்கறவ மிரெல்லாதான? வீட்டுல சண்டை வேண்டாம்மா. நான் சொன்னத அவகிட்ட சொல்லிடாத."

அவள் கை பாத்திரம் தேய்த்த ஈரத்தில் வழவழவென்று இருந்தது. எனக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் நெற்றியில் இருந்த கைதான். அன்றைக்கு அதிலிருந்து என் கையை உருவிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அடுப்படிக்குள் நான் மகள், கதவைத் தாண்டினால் யாரோ. தெபோராவை எனக்குப் பிடிக்காதுதான், ஆனால் அவள்மேல் இந்த அளவுக்கு அருவருப்பு வந்ததில்லை. அவள் எடுத்ததைப் பட்டப்பகலில் எடுத்தாள்.

காபியோடு திரும்பியபோது எத்தோரே பல்குத்தியைக் காதில் விட்டுக் குடைந்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எடுத்துத் தட்டு ஓரத்தில் வைத்தான்.

"ஒண்ணுமில்ல நிவெஸ், ஒரே ஒரு ஃபோன். அவ்வளவுதான். அந்த ஒரெஸ்தே கிழவன் ரொம்ப பிகு பண்றான்" என்றான்.

"போன வாரம் நான் கூப்பிட்டேன். நிவெஸ் சிஞோரா வாயால சொல்லட்டும்ங்கறான். நாளைக்குள்ள சொல்லலேன்னா பின்னாடி காத்துட்டு இருக்கறவங்களுக்குக் குடுத்துடுவானாம். என்ன திமிரு பாரு! அது எங்கப்பா இடம்" என்றாள் மிரெல்லா.

"அப்பா இடம்தான? அப்பாவையே கூப்பிடச் சொல்லு."

எர்சிலியா அம்மா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். எத்தோரேவுக்குச் சிரிப்பு வந்து, மனைவியைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

"இப்படி எல்லாம் பேசாத. நீ செப்டம்பர்ல போறப்ப உனக்கும் ஒரு குடை கேட்டு வெச்சுடலாம். அப்ப எந்த வரிசை வேணும்னாலும் கிடைக்கும்" என்றாள் மிரெல்லா.

"ஆகஸ்ட்ல தெபோரா பின்னாடி வரிசையில உக்கார மாட்டாளா? பழகின இடம்தான?"

"பின்னாடி காத்து வரலையாம். மூச்சு முட்டுதாம் அவளுக்கு."

"பெரிய மனசு உனக்கு. உன்ன மாதிரி மருமக இந்த ஊர்ல யாருக்கு வாய்ச்சா, சொல்லு. தாரியோ முட்டாள், அது வேற விஷயம்" என்று எத்தோரே ஐஸ் வைத்தான். வைத்துக்கொண்டே என் ஃபோனை மேசைமேல் என் பக்கம் நகர்த்தினான். அவன் விரல் பட்ட இடத்தில் கண்ணாடி பிசுபிசுத்தது.

என் புருஷனையும் அவன் கூத்தியாளையும் கடலைப் பார்க்க உட்கார வைக்க என் குரல் வேண்டும். அதற்குத்தான் கீரை தொர்த்தெல்லி. அதற்குத்தான் முத்தம். மூன்று பேரையும் பார்த்தேன். மிரெல்லா கழுத்துச் சங்கிலியை உருட்டிக்கொண்டிருந்தாள். எர்சிலியா அம்மா சர்க்கரை போடாத காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

ஃபோனை நாப்கினால் துடைத்துவிட்டு ஒரெஸ்தேயைக் கூப்பிட்டேன். எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்தேன்.

"நிவெஸ் சிஞோரா! நீங்க கூப்பிடுவீங்கன்னு நம்ம வீட்டுலயும் சொல்லிட்டேதான் இருந்தேன்" என்று ஒரெஸ்தே கத்தினான். காற்றுக்கும் அலைக்கும் நடுவில் பேசிப் பழகிய தொண்டை. "எப்படி இருக்கீங்க? வேண்டாம், கேக்கல. குடைய விட்டுடப் போறீங்களா?"

"எதுக்கு விடணும்? அதே குடைதான். ஆகஸ்ட் நடு வாரம்."

எத்தோரே கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். மிரெல்லா கண்ணை மூடி மூச்சு விட்டாள்.

"எழுதிக்கறேன். யார் யார் வரீங்க?"

மிரெல்லா முன்னால் சாய்ந்து, சத்தம் வராமல் வாயை மட்டும் அசைத்தாள். தாரியோ, தாரியோ.

"நான்" என்றேன்.

மிரெல்லாவின் வாய் திறந்தபடியே நின்றது. எத்தோரேயின் கட்டை விரல் இறங்கவில்லை.

"சரி. எர்சிலியா சிஞோரா உங்க கூடத்தான வராங்க? அவங்க நாற்காலிய நல்ல நிழலாப் பாத்துப் போட்டுடறேன்" என்றான் ஒரெஸ்தே.

எர்சிலியா அம்மாவைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். ஃபோன் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்தது, கை நீட்டுகிற தூரத்தில். ஆமாம் என்று ஒரு வார்த்தை. வார்த்தைகூட வேண்டாம், தலையை அசைத்தால் போதும். சமையலறையில் சொன்ன அத்தனையையும் நான் நம்பியிருப்பேன். அவள் உதடு பிரிந்தது. பிறகு கண் மிரெல்லா பக்கம் போயிற்று. மேசைத் துணிமேல் சிந்திக் கிடந்த ரொட்டித் துணுக்குகளை ஒவ்வொன்றாக விரல் நுனியில் ஒற்றி ஒற்றி எடுக்க ஆரம்பித்தாள்.

"சிஞோரா, இருக்கீங்களா?"

"இருக்கேன். அவங்க வரல. நான் மட்டும்தான்."

ஒரெஸ்தே குரலைத் தணித்தான். "குடைக்கு ரெண்டு படுக்கை நாற்காலி உண்டே. இன்னொண்ண எடுத்துடட்டுமா?"

"வேண்டாம், இருக்கட்டும். என் பையை வெச்சுக்கறேன்."