மூன்று கம்பெனியும் நான்கு அறையும்

சின்னவளுக்கு எதையும் கட்டம் போட்டு எழுதினால்தான் மனசு அடங்கும். எழுதி முடித்த பிறகு அது சரிதானா என்று இன்னொரு தடவை பார்க்காவிட்டால் சோறு இறங்காது. வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு லென்ஸைச் சட்டத்தில் பொருத்துவதற்குள் மூன்று முறை அளப்பாள். "ஏம்மா, அதுக்குள்ள கண்ணாடி போட வந்தவருக்குப் பவரே மாறிடும்" என்பார் முதலாளி.

இந்த வாரம் அவள் அளந்தது தன் வீட்டை. தெருவில் பழைய தொலைபேசிக் கம்பிகளை எடுத்துவிட்டதால் வீட்டு இணையம் போய்விட்டது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவளுக்கு வாய்மொழித் தேர்வு. ஒரு வருஷமாக மாலை வகுப்பில் படித்த அந்நிய மொழியில், எங்கோ இருக்கும் தேர்வாளரோடு திரையில் இருபது நிமிஷம் பேச வேண்டும். இரண்டு நிமிஷத்துக்கு மேல் இணைப்பு அறுந்தால் தேர்வு ரத்து. மறு வாய்ப்பு அடுத்த வருஷம்தான்.

சிம் போட்டு எங்கும் தூக்கிக்கொண்டு போகிற வைஃபை பெட்டி ஒன்று வாங்குவது என்று முடிவானது. செல்போன் கடைக்காரர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "எந்தக் கம்பெனி வேணா எடுங்க. ஆனா எடுத்தா ஒரு வருஷத்துக்கு மாத்த முடியாது. அப்புறம் என்கிட்ட வந்து மூஞ்சியத் தூக்கக் கூடாது."

சின்னவள் நோட்டைத் திறந்தாள். விளம்பரப் பலகைகளின் நிறத்தை வைத்து சிவப்பு, நீலம், மஞ்சள் என்று மூன்று கம்பெனிகள். முதலாளியின் போன் சிவப்பு, பக்கத்து வீட்டு நர்ஸ் அக்காவின் போன் நீலம், அப்பாவுடையது மஞ்சள். ரயில்பெட்டி மாதிரி வரிசையாக நான்கு அறை: கூடம், படுக்கையறை, சமையலறை, கடைசியில் அவளுடைய அறை. மூன்று நாள், சாயங்காலம் ஆனால் "நெட் டெஸ்ட் பண்றேன்!" என்று குரல் கொடுத்துவிட்டு, இரவல் வாங்கி வந்த போன்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

மூன்று நாளும் நீலம்தான் ஜெயித்தது. அதுவும் அவளுடைய கடைசி அறையில், சிக்னல் நாலு கோடு. அவளுக்கு வேண்டியதும் அதுவே. அந்த மொழியை வீட்டார் காதுபட அவளால் பேச முடியாது. ஒருமுறை சமையலறையில் தனக்குள் சொல்லிப் பார்த்தபோது, "தொண்டையில என்னடி மாட்டிச்சு?" என்று அம்மா தண்ணீரோடு ஓடி வந்தாள். அதிலிருந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் வாயைத் திறப்பாள்.

ஆனாலும் நாலு கோடு அவளை உறுத்தியது. நினைத்தது நினைத்தபடி நடந்தால் எங்கேயோ தப்பு செய்திருக்கிறோம் என்பது அவள் கணக்கு. புதன்கிழமை வேலையிலிருந்து சீக்கிரம் வந்தாள். வீட்டில் யாரும் இல்லை. நர்ஸ் அக்காவிடம் நீலத்தை வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்ப் பார்த்தாள். ஒரு கோடு. அதுவும் போவதும் வருவதுமாக இருந்தது.

அம்மா வந்ததும் கேட்டாள். "நான் டெஸ்ட் பண்றேன்னு சொன்னா நீ என்னம்மா செய்வே?"

"என்ன செய்வேன்? எப்பவும் செய்யறதுதான். ஜன்னலெல்லாம் திறந்து விடுவேன். தையல் மெஷினை நிறுத்துவேன். உங்கப்பா ஃபேனை அணைப்பாரு. ஆடாம உக்காந்திருப்போம்."

"யாரு செய்யச் சொன்னா?"

"உங்கண்ணன்தான்."

"அவன் சொல்லி பன்னெண்டு வருஷம் ஆச்சும்மா!"

"வேணாம்னு அவன் சொல்லவே இல்லையே."

சின்னவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவள் அறை ஜன்னலில் வெயிலுக்காக ஒட்டிய, இனி உரிக்க வராத வெள்ளித் தாள் இருந்தது. சாத்தினால் வெயிலோடு சேர்ந்து சிக்னலும் வெளியே நின்றுவிடுகிறது. திறந்து வைக்கலாம் என்றால், எதிரே இரும்பு அறுக்கிற பட்டறை. சனிக்கிழமையும் ஒன்பது மணிக்கே ஆரம்பித்துவிடுவார்கள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த வீட்டில் இணையம் என்பது கம்ப்யூட்டரில் செருகுகிற, கட்டைவிரல் அளவு ஒரு டாங்கிள். அண்ணன் அதை நீள வயரில் கட்டிக் கூடத்து ஜன்னல் கம்பியில் தொங்கவிடுவான். கம்ப்யூட்டரில் பச்சை விளக்கு எரிந்ததும், "யாரும் ஆடாதீங்க!" என்பான். ஜன்னலெல்லாம் திறந்திருக்க வேண்டும், மெஷின் மோட்டாரும் ஃபேனும் சிக்னலைத் தின்றுவிடும் என்பது அவன் சட்டம். லிப்ட் மெக்கானிக்கான அப்பா, பத்து மாடிக் கட்டடத்தையே அதட்டி ஓட்டுகிறவர், கடைக்குட்டி மாதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்காருவார். ஒரு படம் மேலிருந்து கீழே அங்குலம் அங்குலமாக இறங்கும். முதலில் வானம், அப்புறம் மரம், அப்புறம் யாரோ ஒருவரின் தலைமுடி. "இது யாரா இருக்கும்?" என்று நாலு பேரும் பந்தயம் கட்டுவார்கள். முகம் வந்து சேர்வதற்குள் அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டிவிடும். ஒருத்தராவது எழுந்து போனதாகச் சின்னவளுக்கு ஞாபகமில்லை.

வேறு ஊரில் குடும்பத்தோடு இருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டுத் திட்டினாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அந்த ஃபேன் கதை சும்மா விட்டதுடி. இந்த வீட்டுல நான் சொல்லி எல்லாரும் கேட்டது அது ஒண்ணுதான்."

"பாவி. உன்னால என் நோட்டுல மூணு பக்கம் வீண்."

"நீ அழிச்சு எழுதறதுக்குன்னே பொறந்தவ." சிரிப்பு அடங்கியதும் சொன்னான்: "இங்க எல்லா ரூம்லயும் நெட்டு. அடுத்த ரூம்ல இருக்கற உங்க அண்ணியைச் சாப்பிடக் கூப்பிடவே மெசேஜ்தான் அனுப்பறேன்."

அன்றிரவே ஜன்னல்களைச் சாத்தி, மெஷினையும் ஃபேனையும் ஓடவிட்டு எல்லாவற்றையும் மறுபடி அளந்தாள். சிவப்பு எங்கேயும் தேறவில்லை. மஞ்சள் மட்டும் கூடத்தில் அசையாமல் நாலு கோடு காட்டியது. கடைக்காரர் இரவல் தந்த பெட்டியை அங்கே வைத்துப் பார்த்தால், அதன் வைஃபை சமையலறை இரும்பு அலமாரியைத் தாண்டி அவள் அறைக்கு வந்து சேரவில்லை. மஞ்சள் என்றால் கூடம். கூடம் என்றால் அப்பா, அம்மா.

வியாழக்கிழமை மஞ்சளில் கையெழுத்துப் போட்டாள். நோட்டில், "சனி 9.30, இரண்டு பேரையும் வெளியே அனுப்பவும்" என்று எழுதி வட்டமும் போட்டாள். வெள்ளிக்கிழமை முழுக்க அதைச் சொல்ல வாய் வரவில்லை.

சனிக்கிழமை ஒன்பதரைக்குக் கூடத்துக்கு வந்தால், இருவரும் ஏற்கெனவே சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். மெஷின் மேல் துணி மூடியிருந்தது. ஃபேன் நின்றிருந்தது.

"அப்பா, ஃபேன் ஓடினா ஒண்ணும் ஆகாதுப்பா. அண்ணனே சொல்லிட்டான்."

"அவன் ஆயிரம் சொல்வான். பரீட்சை உனக்கு" என்றார் அப்பா, நெற்றியைத் துடைத்துக்கொண்டே.

வெளியே போகச் சொல்ல வந்த வார்த்தை அவள் நாக்கிலேயே கரைந்து போயிற்று.

தேர்வாளர் நரைத்த தலைமுடிக்கார அம்மாள். பெயர், வேலை எல்லாம் கேட்டு முடித்து, "நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறையைப் பற்றியும் அங்கே இருப்பவர்களைப் பற்றியும் சொல்லுங்கள்" என்றார். சின்னவளுக்குக் காது சூடேறியது. முதல் வாக்கியத்தில் வினையின் காலம் தப்பியது. திருத்தினாள். அப்பா லிப்ட் பழுது பார்ப்பவர், கம்பிக்கயிறு ஓடும் சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லிவிடுவார் என்றாள். அம்மா தைப்பவள், ஆனால் இப்போது எனக்காக மெஷினை நிறுத்திவிட்டு, வெக்கையில் மூச்சைக்கூட மெல்ல விடுகிறாள் என்றாள். சொல்லச் சொல்ல, கேட்பவர்கள் பக்கத்தில் இருப்பதே மறந்துபோயிற்று.

பாதியில் தேர்வாளரின் முகம் அப்படியே நின்றது. பத்து விநாடி, இருபது, நாற்பது. கூடத்தில் யாரும் இமைக்கவில்லை. பிறகு அந்த அம்மாள் அசைந்து, "மன்னிக்கவும், என் பக்கம் தடங்கல். தொடருங்கள்" என்றார்.

இருபது நிமிஷம் முடிந்து திரை அணைந்தது. முடிவு தெரிய இரண்டு வாரம் ஆகும். அப்பா எழுந்து ஃபேனைப் போட்டார். அம்மா மட்டும் இடத்தை விட்டு நகரவில்லை.

"என்னைப் பாத்துப் பாத்து என்னமோ நீளமாச் சொன்னியே, என்னடி அது?"

"நீ தையல்காரின்னு சொன்னேன்."

"அதுக்கா அவ்வளவு நேரம்?"

சின்னவள் முழுவதையும் தமிழில் சொன்னாள். அம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"சரி, இப்ப அவங்க பாஷையில சொல்லு. மெதுவா."