காலையில் அவள் மூட்டியது

சவப்பெட்டிக்காரர் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே, "முதல்ல அந்த அடுப்ப அணைச்சிடுங்க" என்றார். இறந்தவளின் கணவர், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், அப்போதுதான் முன்னறையைச் சூடாக்கும் விறகடுப்பின் கண்ணாடிக் கதவைத் திறந்து ஒரு கட்டையை உள்ளே வைத்துக்கொண்டிருந்தார். காதில் விழாதவர் போலக் கட்டையைத் தள்ளிவிட்டு, கதவைச் சாத்திப் பிடியைத் திருகினார்.

"பொண்ணு நாளைக்கு மத்தியானம்தான் வரும்னு சொல்றீங்க. அதுவரைக்கும் அம்மா இருக்கற எடம் குளுகுளுன்னு இருக்கணும். இப்படிக் கொதிச்சா எப்படி?"

"படுக்கை அறைல வெச்சுக்கலாம். சன்னலத் தொறந்து விட்டா ஐஸ் மாதிரி ஆயிடும்."

"முன்னறைன்னா வர்றவங்க பாக்க வசதி."

"உள்ளயே இருக்கட்டும்."

பெட்டிக்காரர் டிரைவரின் கொழுந்தியாளைப் பார்த்தார். இறந்தவளின் கூடப்பிறந்த தங்கை அவள். சேதி கேட்டதும் அடித்துப் பிடித்து ஓடி வந்து, அப்போதிலிருந்து வீட்டை அவள்தான் தாங்கிக்கொண்டிருந்தாள். அவள் உதட்டைப் பிதுக்கினாள். அதோடு பேச்சு முடிந்தது. நாலு பேராகச் சேர்ந்து படுக்கை அறைக் கட்டிலில் கிடத்தினார்கள். சன்னல்களைத் திறந்து, கதவைச் சாத்தி, முன்னறைச் சூடு கதவடியில் புகுந்துவிடாமல் இருக்க ஒரு கம்பளியைச் சுருட்டி வைத்தார்கள்.

டிரைவருக்குக் குளிர் ஆகாது என்பது தெருவுக்கே தெரிந்த சங்கதி. முப்பது வருடம் பஸ் எஞ்சின் சூட்டை ஒட்டி உட்கார்ந்த உடம்பு. ஓய்வு பெற்ற பிறகு அது ஒரு சின்னக் காற்றுக்கும் கணக்குக் கேட்டது. கோடையிலும் கழுத்தில் மப்ளர் தொங்கும். "எங்க வீட்டுக்காரர் வெயிலடிச்சாலும் போர்வை கேப்பாரு" என்று அவர் மனைவி வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அதனால் அன்று துக்கம் கேட்க வந்தவர்கள் அடுப்பையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சமையலறைக்குப் போய்க் குசுகுசுத்தார்கள். "இன்னிக்குமா அந்த மனுஷனுக்கு அடுப்பு கேக்குது?"

கேட்டது உண்மைதான். ஆனால் குளிருக்காக அல்ல. அந்த நெருப்பை அன்று காலையில் மூட்டியவள் அவள்.

குளிர்காலத்தில் தினமும் முதலில் எழுந்திருப்பவள் அவள்தான். அவர் போர்வைக்குள் சுருண்டு கிடந்தபடி ஒவ்வொரு சத்தமாகக் கேட்பார். முந்தின நாள் சாம்பலை அள்ளும் கரண்டியின் உரசல். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பது; நன்றாகக் காய்ந்த கட்டை என்றால் 'ணங்' என்று கேட்கும். பெரிய கட்டைகளைக் கீழே போட்டு, சின்னதை அதன்மேல் வைத்து, சுள்ளியை உச்சியில் அடுக்குவாள். உச்சியில்தான் தீ வைப்பாள். கீழே பற்றவைத்தால் மேலே இருக்கும் கட்டையெல்லாம் சூடேறாமல் வெறும் புகையாகக் கக்கும் என்பது அவள் கட்சி. பிறகு தீக்குச்சி, கதவுப் பிடி, கொஞ்ச நேரம் நிசப்தம். வீடு சூடேறியதும் குரல் வரும்: "வண்டி சூடாயிடுச்சு, டிரைவர் எந்திரிக்கலாம்!"

அன்று காலை எல்லாச் சத்தமும் வரிசை தப்பாமல் வந்தன. குரல் மட்டும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் தூங்கட்டும் என்று விட்டிருக்கிறாள் என்று நினைத்து அவர் சுகமாகப் புரண்டு படுத்தார். கதகதப்பு கட்டில்வரை வந்துவிட்டது. அப்புறமும் குரல் வராததால்தான் எழுந்து போனார். அடுப்புக்கு எதிரில் இருந்த நாற்காலியில் அவள் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் தீப்பெட்டி. கண்ணாடிக்குப் பின்னால் நெருப்பு நன்றாகப் பிடித்து, பொன்னிறத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

அந்த அடுப்பை வாங்கியதே ஒரு தனிக் கதை. அதற்கு முன்னால் சுவரோடு ஒரு திறந்த கணப்பு இருந்தது. பாதிச் சூடு புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போகும், பாதிப் புகை வீட்டுக்குள் வரும். மாற்றுவது என்று முடிவானதும் டிரைவர் கடையிலேயே பெரிய அடுப்பைக் காட்டி, "இதான்" என்றார். அவள் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவள். மூக்குக் கண்ணாடி வாங்க வந்தவர்களிடம் பத்துக் கேள்வி கேட்காமல் ஒரு பிரேமை எடுத்துத் தர மாட்டாள். ஒரு குளிர்காலம் பூராவும் அடுப்புக் கடைகளுக்கு நடந்தாள். அவள் தலை தெரிந்தால் ஒரு கடைக்காரர் உள்ளே போய் ஒளிந்துகொள்வார் என்றுகூடப் பேச்சு. கடைசியில் அவள் தேர்ந்தெடுத்தது இருப்பதிலேயே சின்னதை.

"இது என்ன, பொம்மை அடுப்பு?" என்று டிரைவர் முறுக்கிக்கொண்டார்.

"நம்ம அறைக்குப் பெரிசு வாங்குனா சூடு தாங்க முடியாது. காத்த அடைச்சு அடைச்சுதான் எரிக்கணும். அடைச்சா புகையும். அந்தப் புகை குழாய்க்குள்ள தாரு மாதிரி அப்பும், ஒரு நாள் அதுவே பத்திக்கும். சின்னதுன்னா முழு மூச்சா எரியலாம். உங்க பஸ்ஸ நாள் பூரா ஃபர்ஸ்ட் கியர்லயே ஓட்டுவீங்களா?"

பொம்மை அடுப்பு வீட்டையே சூடாக்கியது. தெருவில் மற்ற வீட்டுக் கூரைகள் புகைந்துகொண்டிருக்கும்போது அவர்கள் குழாயின் மேலே காற்று லேசாக நெளிவது மட்டும்தான் தெரியும். வாரம் ஒரு முறை ஈரக் காகிதத்தைச் சாம்பலில் தொட்டு, மூக்குக் கண்ணாடி துடைக்கிற பதத்தில் அடுப்பின் கண்ணாடியைத் துடைப்பாள். வருடத்துக்கு ஒரு முறை, அவருடைய பழைய பஸ் டிக்கெட் ஒன்றைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்துப் பார்ப்பாள். வழுக்கிக்கொண்டு வந்தால் காற்றுப் புகாமல் கதவைச் சுற்றி ஒட்டியிருக்கும் கயிறு தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். எத்தனையோ முறை கூடவே நின்று பார்த்தவர்தான். ஆனால் தன் கையால் ஒரு நாளும் செய்ததில்லை, அவள் இருக்கும்போது அவருக்கு என்ன தேவை?

அவள் சட்டப்படி இரவில் நெருப்பு தானாக எரிந்து அடங்கிவிட வேண்டும். விடிய விடியப் புகைய விடுவது அவளுக்குப் பிடிக்காது. அப்படிப் பார்த்தால் அன்று மூட்டிய நெருப்பும் அன்று இரவே முடிந்திருக்க வேண்டும். டிரைவரால் அதைத் தாங்க முடியவில்லை. கட்டை புதிதுதான், தணலும் மாறிக்கொண்டேதான் இருக்கும், அதெல்லாம் அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவள் உரசிய குச்சிக்குப் பிறகு வேறு குச்சி உரசப்படவில்லை. அந்த ஒன்றுதான் அவள் கையிலிருந்து இன்னும் முடியாமல் மிச்சமிருந்தது.

சாயங்காலம் கொழுந்தியாள் பொறுக்க மாட்டாமல் வெடித்துவிட்டாள். "அக்காவ அங்க குளிர்ல போட்டுட்டு, நீங்க இங்க கதகதன்னு உக்காந்திருக்கீங்களே அத்தான். ஒரு நாள், ஒரே ஒரு நாள் குளிர்ல இருந்தா செத்தா போயிடுவீங்க?"

அது அவள் அக்கா மூட்டிய நெருப்பு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் அழுவாள். அப்புறம் ஆளாளுக்கு ஒரு கட்டை கொண்டுவந்து போடுவார்கள். அது ஊர் நெருப்பாகிவிடும். அவர் கம்பியை எடுத்துத் தணலைக் கிளறினார். அவள் விருட்டென்று உள்ளே போய்விட்டாள்.

அன்றிரவு கட்டை சீக்கிரம் தீர்ந்துவிடாமல் இருக்கக் காற்றுப் பிடியை ஒரு நூலளவு விட்டு மூடினார். நெருப்பு மூச்சுத் திணறித் தூங்கி வழிந்தது. விடியும்போது உயிரோடு இருந்தது. ஆனால் கண்ணாடி முழுக்கக் கரியேறி, உள்ளே எதுவும் தெரியவில்லை.

மத்தியானம் மகள் வந்தாள். அம்மாவைப் பார்த்துவிட்டு வந்து அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவள் பார்வை அடுப்பில் விழுந்தது.

"என்னப்பா, கண்ணாடி இப்படிக் கருத்திருக்கு? அம்மா இப்படி விடவே மாட்டாங்களே."

"கட்டை ஈரம்போல."

சொன்ன மாத்திரத்தில் அவருக்குச் சுருக்கென்றது. ஒரு வருடம் முன்னாலேயே பிளந்து, காற்றோட்டமாக அடுக்கி, மழைக்கு மேலே மட்டும் மூடி, பிள்ளையைப் போலப் பார்த்த விறகு. அவள் அடுக்கில் ஈரக்கட்டை என்று எவனாவது சொல்லியிருந்தால் அவள் விட்டிருக்க மாட்டாள். அடுத்த வருடத்துக்கானதுகூடக் கொல்லையில் தயாராக நின்றது. உள்ளே படுத்திருப்பவளுக்கு அது கேட்டிருக்காது என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். அது கேட்காதே என்பதுதான் அப்புறம் அவரை வாட்டியது.

எடுக்கிற நேரம் வந்தது. கட்டை வைக்கலாம் என்று அவர் குனிந்தபோது பெட்டிக்காரர் வாசலிலிருந்து கூப்பிட்டார். பின்னாலேயே நாலு பேர் வந்து கையைப் பிடித்தார்கள். அவசரம் அவசரமாகத் தணலை ஒரு மூலையில் குவித்து, மேலே சாம்பலை இழுத்து மூடிவிட்டுக் கிளம்பினார். மூடிய தணல் சாயங்காலம்வரை தாங்கும். இடுகாடு மேட்டில் இருந்தது. முட்டி வலிக்கிற கொழுந்தியாள் ஏற முடியாது என்று வீட்டிலேயே தங்கிவிட்டாள்.

பெட்டியின்மேல் மண் விழுந்தபோது மகள் அவர் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவரும் அழுதார். அழுகிற மனம் ஒரு பக்கம் தணலையும் நினைத்துக்கொண்டிருந்தது. திரும்பும் வழியில் ஒவ்வொருவராக நிறுத்தி ஆறுதல் சொன்னார்கள். அவர் தலையை ஆட்டிவிட்டு ஆட்டிவிட்டு வேகமாக நடந்தார். "குளிர் தாங்கலபோல, விடுங்க" என்று யாரோ வழிவிட்டார்கள்.

முன்னறைக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றார்.

அடுப்பின் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. உள்ளே ஒரு துளி சாம்பல் இல்லை. கீழே பெரிய கட்டைகள், மேலே சின்னது, உச்சியில் சுள்ளி. பக்கத்தில் தீப்பெட்டி. கொழுந்தியாள் கரி பிடித்த கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"நேத்து வாய்க்கு வந்தபடி பேசிட்டேன் அத்தான். மனசே கேக்கல. நீங்க போனதும் பாத்தேன், அடுப்பு அணைஞ்சு வெறும் சாம்பலா கெடந்துச்சு. வந்தா குளுருமேன்னு, அக்கா வெப்பாளே, அதே மாதிரி அள்ளிக் கொட்டி, தொடைச்சு, அடுக்கி வெச்சிருக்கேன். பத்த வெச்சா போதும்."

அவள் முகத்தில் இரண்டு நாள் அழுகையின் வீக்கம். அவருக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"சாம்பல எங்க போட்ட?"

"பின்னாடிதான். தகர வாளியில. அக்கா எப்பவும் அதுலதானே போடுவா."

அவர் பின்கதவைத் திறந்துகொண்டு வெறுங்காலோடு கொல்லையில் இறங்கினார். சாம்பலுக்குள் நெருப்பு இரண்டு நாள்கூட ஒளிந்திருக்கும் என்று சொல்லி, மூடி போட்ட வாளி ஒன்றை வாங்கி, சுவரை விட்டுத் தள்ளிக் கல்லின்மேல் வைத்திருந்தாள் அவர் மனைவி. அவர் மண்டியிட்டு மூடியைக் கழற்றினார். கையை உள்ளே விட்டுத் துழாவினார். முதலில் அகப்பட்டதெல்லாம் குளிர்ந்த கரி, விரலில் நொறுங்கியது.

கொழுந்தியாள் பின்னாலேயே நொண்டிக்கொண்டு வந்தாள். "என்னத்தத் தேடுறீங்க? மோதிரம் கீதிரம் விழுந்திருச்சா?"

"நேத்து காலைல அவ மூட்டுனது."

"எது?"

"நெருப்பு. அவ மூட்டுனது. நான் அணைய விடல."

அவள் உள்ளே போய்ச் சாம்பல் கரண்டியை எடுத்துவந்து, வலிக்கிற முட்டியை மடக்கி அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள். "கைய எடுங்க, சுட்டுக்குவீங்க" என்றாள். அவள் ஓரத்திலிருந்து மெதுவாகத் தோண்ட, அவர் குனிந்து பார்த்தார். அடியில் ஓரிடத்தில் சூடு முகத்தில் அடித்தது. கரண்டியில் வந்தது ஒரு கோலிக்குண்டு அளவுதான். மேலே சாம்பல் பூத்து வெள்ளையாக இருந்தது. அவள் ஊதினாள். சிவப்பு வந்து போயிற்று.

"ஊதாத, ஊதாத. சீக்கிரம் தீந்துடும்."

அவர் கரண்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். காற்று வீசியது. அவள் தோளிலிருந்த சால்வையை உருவி, இரு கையாலும் விரித்துக் காற்றடிக்கும் பக்கம் பிடித்துக்கொண்டாள். இருவரும் அடிமேல் அடி வைத்து வீட்டை நோக்கி நடந்தார்கள். சமையலறைச் சன்னலில் நாலைந்து முகங்கள் தேநீர்க் கோப்பைகளோடு திகைத்துப் பார்த்தன. மகள் பின்கதவில் வந்து நின்றாள்.

"அப்பா, செருப்புகூடப் போடாம இந்தக் குளிர்ல என்னப்பா பண்றீங்க? சித்தி, என்ன அது?"

"வழிய விடுடி" என்றாள் கொழுந்தியாள்.

டிரைவர் தலையை நிமிர்த்தவில்லை. அவர் கண் கரண்டியிலேயே இருந்தது.

"படி" என்றாள் அவள்.

அவர் காலைத் தூக்கி வைத்தார்.