விரல் நின்ற நேரம்

முத்தியால்பேட்டையில் சைக்கிள் கடைக்கு மேலிருந்த மாடி அறையில் பொழுது புலரும் முன்பே கம்ப்யூட்டர் விசைகள் தடதடக்கத் தொடங்கிவிடும். வெயில் ஏறினால் மின்சாரம் நிலைக்காது. அதனால் ஆறு பெண்களும் இருட்டிலேயே வந்து, செருப்பைப் படியோரம் கழற்றிவிட்டுத் திரைகளின் முன் உட்காருவார்கள். கம்ப்யூட்டருக்காகப் போட்ட குளிர்சாதனத்தின் குளிர் அவர்கள் எலும்புக்குள் இறங்கும். கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் ஓடும். பார்வை பதிய வேண்டிய மருந்துக்கடை ரசீதுகளில் இருக்க, விசையைப் பார்க்காமலே விரல் தட்ட வேண்டும். மணிக்கட்டில் பிடித்த வலி தோள்பட்டைக்கு ஏறும்போதுதான் கீழே தெருவில் பால்காரர் மணியடிப்பார்.

அவர்களில் ஒருத்தியான தையல்நாயகி அந்த வேலைக்கு வந்தபோது வீட்டில் வேறு வருமானம் இல்லை. அவளுடைய அப்பா கன்னியப்பன் பஞ்சாலையில் நூற்புப் பிரிவுத் தொழிலாளி. ஆலை ஓடிய நாட்களைவிட மூடிக்கிடந்த நாட்களே அதிகம்.

முதலாளி கிருஷ்ணசாமி பாரிசில் படித்துவிட்டு வந்தவர். ஊர்ப் பெரியவர்கள் அவரை பிரெஞ்சு மரியாதையில் ‘முசே’ என்றே அழைத்தார்கள். பெண்களுக்கும் அதுவே பழகிவிட்டது. எண்பத்தாறாம் ஆண்டில் பூர்வீக வீட்டை விற்று அந்தக் கம்ப்யூட்டரை வாங்கினார். பெட்டி பெரிதல்ல, அதற்குள் ஓடும் யுனிக்ஸ்தான் பெரிது என்பார். அது ஆபரேட்டிங் சிஸ்டம்; கம்ப்யூட்டரின் வேலைகளையெல்லாம் பங்கிட்டுக் கொடுத்து மேற்பார்க்கும் ஏற்பாடு. ஊரில் வந்திருந்த மற்ற கம்ப்யூட்டர்களில் ஒருவர் உட்கார்ந்தால் அடுத்தவர் காத்திருக்க வேண்டும். இதில் ஒரே கம்ப்யூட்டரை ஆறு பேரும் ஒரே சமயத்தில் பயன்படுத்தலாம். நாளைக்கு ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுபவர் தட்டியது மருந்து கொடுப்பவர் திரையில் தெரியும், நோயாளி மணிக்கணக்கில் நிற்க வேண்டாம் என்று அவர் சொல்லும்போது பெண்களுக்கும் பெருமையாக இருக்கும். பொய்யும் இல்லை. அந்த இயந்திரத்தால் அது முடியும்தான்.

ஆனால் இந்த ஏற்பாட்டைத் தங்கள் இடத்துக்கு வாங்க யாரும் வரவில்லை. வந்தவர்கள் வேடிக்கை பார்த்து, காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். ஒரு நாள் பஞ்சாலை மேனேஜர் வந்தார். தன் குமாஸ்தா செய்யாத எதை இது செய்துவிடும் என்று கேட்டார்.

சில வாரங்களில் கிருஷ்ணசாமி அதற்குப் பதிலைக் கண்டுபிடித்துவிட்டார். யார் எப்போது உட்கார்ந்தார், எப்போது எழுந்தார் என்பதையெல்லாம் சிஸ்டம் குறித்துவைக்கும். விரல் நின்ற நேரத்தையும் குறிக்கும்படி அதற்கு ஒரு புரோகிராம் எழுதினார். மேனேஜருக்குக் காட்டுவதற்கு முன் தன் பெண்களிடமே சோதித்துப் பார்த்தார். விரல் நின்ற நேரத்துக்கெல்லாம் கூலியில் பிடித்தார்.

கழிப்பறை கீழே, பின்கட்டைத் தாண்டி இருந்தது. போய்வருவதற்குள் காலைக் கூலியில் ஒரு பங்கு போய்விடும். யாரும் பேசிவைத்துக்கொள்ளவில்லை, ஆனாலும் ஆறு பேரும் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். உதடு வெடித்தது. குளிர் அறையிலும் அடிவயிறு எரிந்தது. முதலில் படுத்தது அஞ்சலாட்சி. அவளுடைய கைக்குழந்தை இன்னும் தாய்ப்பால் குடித்துக்கொண்டிருந்தது. காய்ச்சலை மறைத்துக்கொண்டு வந்துபோனவள் ஒரு விடியற்காலையில் நாற்காலியோடு சரிந்தாள். தையல்நாயகி அவளை ரிக்‌ஷாவில் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். சிறுநீரகம் வரை சீழ் ஏறியிருந்தது. தண்ணீர் குடிப்பதில்லையா என்று டாக்டரம்மா அதட்டினார்.

அந்த வாரக் கூலியில் அஞ்சலாட்சி தரையில் கிடந்த நேரத்துக்கும் பிடிக்கப்பட்டிருந்தது. தையல்நாயகி கிருஷ்ணசாமியின் மேசை முன் போய் நின்றாள்.

“நான் சொல்றதில்லம்மா, சிஸ்டம் சொல்லுது” என்றார் அவர். “அதுக்கு வேண்டியவங்க, வேண்டாதவங்கன்னு கெடையாது.”

“விரல் நின்னா எழுதிக்கன்னு அதுக்குச் சொன்னது நீங்கதான முசே? ஆளு விழுந்தா தூக்குன்னு ஏன் சொல்லல?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெள்ளிக்கிழமை மேனேஜர் மறுபடியும் வருகிறார், இந்த ஒரு வியாபாரம் முடிந்தால் எல்லோருக்கும் வேலை நிரந்தரம், கெடுத்தால் எல்லோரும் தெருவில்தான் என்றார். அவர் குரலிலும் பயம் இருந்தது. அவரும் மூழ்கிக்கொண்டுதான் இருந்தார். மூழ்குகிறவர் பெண்களின் தலைமேல் ஏறி நின்றார்.

வெள்ளிக்கிழமை அஞ்சலாட்சியின் நாற்காலி காலியாக இருந்தது. மேனேஜர் கண்ணாடித் தடுப்பின் அருகே நின்றிருக்க, ஐந்து பெண்களும் விசைகளிலிருந்து கையை எடுத்துவிட்டு எழுந்து நின்றார்கள். அறை அமைதியாயிற்று. தண்ணீர் குடிக்கவும் வெளியே போகவும் நேரம் வேண்டும், அஞ்சலாட்சியின் வைத்தியச் செலவை ஏற்க வேண்டும் என்று தையல்நாயகி சொன்னாள்.

மேனேஜர் அவளைப் பார்க்கவே இல்லை. பிரிண்டர் கரகரவென்று துப்பிய தாளைக் கிழித்துப் படித்தார். ஐந்து பெயர்களும், அவர்களின் விரல் நின்ற நேரமும் அதில் இருந்தன.

“பிரமாதம் கிருஷ்ணசாமி” என்றார். “எங்க ஆலையில எவன் எப்ப மெஷின விட்டு நகர்றான்னு இதே மாதிரி எடுக்கணும். முடியுமா?”

“முடியும்” என்றார் கிருஷ்ணசாமி.

வியாபாரம் அங்கேயே முடிந்தது. ஆறு பெண்களுக்கும் மறுநாளிலிருந்து வேலை இல்லை.

தையல்நாயகி அன்று சாப்பிடவில்லை. கன்னியப்பன் கேட்டுக்கேட்டு விஷயத்தை வாங்கினார். “நாங்க எழுந்து நின்னதாலதாம்ப்பா அது வெல போச்சு” என்றாள்.

அவர் சோற்றுத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். பிறகு சொன்னார்: “வெல போனது எங்க ஆலைக்கு. அப்ப இது உங்க ஆறு பேரு பிரச்சன மட்டும் இல்ல. நாளைக்கு ஆலை கேட்டுக்கு வா. எங்கிட்ட சொன்னத அங்கயும் சொல்லு.”

ஷிப்டு மாறும் நேரத்தில் ஆலை வாசலில் ஐந்து பெண்களும் நின்றார்கள். பஞ்சுத் தூசி படிந்த தலைகளோடு வெளியே வந்தவர்கள் முதலில் நிற்காமல் போனார்கள். தங்களுக்கே வேலை நிச்சயமில்லாதபோது, எழுதப் படிக்கத் தெரிந்த பெண்களின் கதை அவர்களுக்கு எதற்கு? தையல்நாயகி அஞ்சலாட்சியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். நூல் சுற்றும் பிரிவைச் சேர்ந்த செல்வாம்பாள் நின்றாள். அவளைப் பார்த்து ஆலையின் மற்றப் பெண்களும் நின்றார்கள்.

“எங்களுக்கும் கக்கூசு போவ மேஸ்திரிகிட்ட டோக்கன் வாங்கணும்” என்றாள் செல்வாம்பாள். “மேஸ்திரியாவது ஒரு நாளு இல்லன்னா ஒரு நாளு கண்ண மூடிக்குவாரு. இந்த எழவு மூடாது போலிருக்கே.”

வாசலிலேயே பேச்சு நடந்தது. கம்ப்யூட்டர் வேண்டாம் என்று சிலர் சொன்னார்கள். தையல்நாயகி மறுத்தாள். அது வரட்டும், பஞ்சையும் நூலையும் கணக்கெடுக்கட்டும், மனுசர் மூச்சுவிடுவதைக் கணக்கெடுக்கக் கூடாது என்றாள். வேலையிழந்த ஆறு பேரையும் ஆலையின் கம்ப்யூட்டர் வேலைக்கு எடுக்க வேண்டும் என்பதைக் கன்னியப்பன் சேர்த்தார். இரண்டுக்கும் நிர்வாகம் கையெழுத்துப் போடாமல் கம்ப்யூட்டர் பெட்டியை உள்ளே விடுவதில்லை என்று முடிவானது.

திங்கட்கிழமை காலை வெயிலில் கம்ப்யூட்டரை ஏற்றிய லாரி வந்தது. வாசலில் நின்ற கூட்டத்தைக் கலையச் சொல்லி மேனேஜர் உள்ளிருந்து ஆளனுப்பினார். போலீசுக்குச் சொல்லியாயிற்று என்றும் செய்தி வந்தது. வேலைக்கு வந்தவர்கள் வாசலை அடைத்து உட்கார்ந்தார்கள். ரிக்‌ஷாவிலிருந்து கணவனின் தோளைப் பிடித்துக்கொண்டு அஞ்சலாட்சி இறங்கினாள். இரண்டு அடிக்கு மேல் அவளால் நடக்க முடியவில்லை. செல்வாம்பாள் எழுந்துபோய் அவளைத் தாங்கி அழைத்துவந்து, தன் முந்தானையைத் தரையில் விரித்து, தன்னோடு சாய்த்து உட்காரவைத்தாள்.

லாரி ஓட்டுநர் ஹாரனை ஒருமுறை அடித்தார். ஒருவரும் நகரவில்லை. அவர் கூட்டத்தைப் பார்த்தார், நடுவிலிருந்த அஞ்சலாட்சியின் முகத்தைப் பார்த்தார். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினார்.