ஊட்டிக்கு ஒரு ப்ரொப்பல்லர்

என் படகின் எஞ்சின் செத்துவிட்டது என்று முதலில் சொன்னது என் வீட்டுக்காரர் சக்திதான். மனிதருக்கு அதைச் சொல்ல வேறு நேரமே கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை எஸ்டேட் அதிகாரி வந்து எட்டுப் பேரை ஏற்றி ஓட்டிப் பார்க்கப் போகிறார். படகு இழுத்தால், எஸ்டேட் ஆட்களை அணையின் அக்கரைக்குக் கொண்டுபோய் விடும் வேலை எனக்குத் தொடரும். இழுக்காவிட்டால் அவர்கள் ஜீப்பில் மலையைச் சுற்றிப் போவார்கள். நான் வீட்டில் உட்கார்ந்து சக்தியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

வினை ஒரு மரக்கட்டையில் ஆரம்பித்தது. எங்கள் அணை நீலகிரியில் பிக்கட்டிக்கு அந்தப் பக்கம். கோடையில் தண்ணீர் இறங்கினால், எப்போதோ முழுகிப்போன மரங்களின் அடிக்கட்டைகள் மேலே வந்துவிடும். அதில் ஒன்று ப்ரொப்பல்லரின் மூன்று இதழ்களில் ஒன்றை முறித்துப்போட்டது. புதிது வாங்கியே ஆகவேண்டும்.

ப்ரொப்பல்லருக்கு இரண்டு அளவு உண்டு. ஒன்று அகலம். இன்னொன்று, ஒரு சுற்றுக்குப் படகை எவ்வளவு தூரம் முன்னே தள்ளும் என்பது. அதற்குப் பிட்ச் என்று பெயர். பழையதில் பொறித்திருந்த எண்கள் மணலில் தேய்ந்து மொழுக்கென்று ஆகியிருந்தன. கோழிக்கோட்டில் படகுச் சாமான் விற்கும் ஷிஜோவுக்குப் போன் செய்து எஞ்சின் பெயரைச் சொன்னேன்.

"எந்த ஊரு சேச்சி?" என்றார்.

"கோயமுத்தூருங்க."

பொய் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். அம்மாவைப் பெற்ற அப்பிச்சி காலத்தில் மலையேறி வந்த கூட்டம். மூன்று தலைமுறையாக ஸ்வெட்டரைக் கழற்றாமலே, "நாங்க கோயமுத்தூருங்க" என்று பெருமை பேசிக்கொண்டிருக்கிறோம். பார்சலுக்குக்கூட காந்திபுரத்தில் இருக்கும் சித்தப்பா வீட்டு விலாசம்தான். அங்கே வந்து இறங்கும். பிறகு மலைக்கு வருகிற யார் கையிலாவது கொடுத்துவிடுவார்கள். அவ்வளவு சுற்றி வந்தால்தான் எங்களுக்குத் திருப்தி.

ப்ரொப்பல்லர் பளபளவென்று வந்தது. மாட்டி, தனியாக ஒரு சுற்று போய்ப் பார்த்தேன். நன்றாகத்தான் ஓடியது. புதன்கிழமை கொழுந்து பறிக்கும் மூக்கம்மாவையும் இன்னும் ஏழு பேரையும் ஏற்றினேன். அங்கேதான் மானம் போனது. படகின் பின்பக்கம் அமுங்கிக்கொண்டது, மூக்கு வானத்தைப் பார்த்தது, எஞ்சின் வேகமெடுக்காமல் முக்கியது. சேற்றில் மாட்டிய எருமை மாதிரி அதே இடத்தில் நின்றது.

"என்னா புள்ள, நாங்க எறங்கித் தள்ளவா?" என்றாள் மூக்கம்மா. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் வேலை முடிந்து கரைக்கு வந்த சக்தி எல்லாவற்றையும் கேட்டார். "கட்டையில அடிச்சதுல எஞ்சினே உள்ளுக்குள்ள போயிருச்சு ராஜி. இனி அவ்வளவுதான்" என்றார். புது எஞ்சினுக்கு நாங்கள் எங்கே போவோம்? அவர் சொல்வது உண்மையாக இருந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். சக்தியைத் திட்டினால் ராத்திரிச் சோறு கெட்டுவிடும் என்பதால் ஷிஜோவைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்க, என்ன சாமானை அனுப்பி வெச்சீங்க? எட்டுப் பேரோட நடுத்தண்ணியில நின்னு போச்சு. குளிர்ல கையெல்லாம் வெறைச்சு, ஒரு வழியா கரைக்கு வந்து சேர்ந்தோம்!"

ஷிஜோ சாமானை விட்டுவிட்டுக் குளிரைப் பிடித்துக்கொண்டார்.

"சேச்சி, கோயம்புத்தூர்ல மே மாசம் குளிரோ?"

"இல்லீங்க... ஊட்டிக்குப் பக்கமுங்க" என்றேன், திருடி மாட்டிக்கொண்டவள் குரலில்.

"என்டெ தெய்வமே! அத மொதல்லயே சொல்ல வேண்டாமா? மேல காத்து கம்மி அல்லே? எஞ்சினுக்குச் சக்தி குறையும். மேட்டுப்பாளையத்துலேர்ந்து மேல வர்ற வண்டி டாப் கியர்ல ஏறுமா? நான் அனுப்புனது பதினொண்ணு பிட்ச், அந்த டாப் கியர் மாதிரி, கீழ் நாட்டுக்குள்ளது. உங்களுக்கு ஒம்பது மதி, அது போதும்."

"அப்ப எஞ்சின்?"

"எஞ்சினுக்கு ஒண்ணும் இல்லா சேச்சி."

அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. செத்தது என்று நினைத்த ஒன்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. சக்தி பதறிப்போய், "என்னாச்சு?" என்று ஓடிவந்தார். "எஞ்சின் நல்லாத்தான் இருக்குதுங்க, நம்ம வாய்தான் சரியில்லை" என்றேன்.

இந்த முறை பார்சல் கோயமுத்தூர் பக்கமே போகவில்லை. கோழிக்கோட்டிலிருந்து கூடலூர் வழியாக வரும் பஸ்ஸில் நேராக ஊட்டிக்கு வந்தது. ஆபீஸ் முடிந்த கையோடு பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து, அதைத் தன் மப்ளரில் சுற்றிக் கொண்டுவந்தார் சக்தி. குளிரில் நடுங்கி வந்தவரைப் பார்த்து, திட்டாமல் விட்டது நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மூக்கம்மா கூட்டம் ஏறியது. அதிகாரி என் பக்கத்தில் உட்கார்ந்தார். கைப்பிடியை மெதுவாகத் திருகினேன். மூக்கு தூக்கியது. எஞ்சின் குரல் ஏறியது, ஏறிக்கொண்டே போனது, மூக்கு தானாகக் கீழே இறங்கியது. படகு தண்ணீரை வழித்துக்கொண்டு பறந்தது. மூக்கம்மா முக்காட்டை இழுத்துப் பிடித்தாள். நான் இரண்டு நாளாக அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டேன்.

"எட்டுப் பேரோட நல்லா இழுக்குதே, தாராளமா ஓட்டலாம்மா" என்றபடி கரையில் இறங்கினார் அதிகாரி. "பேச்சைப் பாத்தா கோயமுத்தூர்ப் பக்கமா?"

சக்தி சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"இல்லீங்க. இதே ஊருதானுங்க."