சாய்வாக அடித்த ஆணி

"அது ஜிப்சம் பலகை, மாப்ள. ஆணி நிக்காது" என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் தங்கையின் கணவர் ஸ்டூலின்மேல் ஏறிவிட்டார். உதட்டில் ஓர் ஆணி, கையில் சுத்தியல். அம்மாவை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பி இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. மாலையில் துக்கம் விசாரிக்க வருபவர்களுக்காகக் கூடத்துச் சுவரில் அவளுடைய படத்தை மாட்டச் சொல்லியிருந்தாள் தங்கை.

"படம்தானே மச்சான், பீரோவா மாட்டப் போறோம்?"

ஆணியின் முனையைக் கீழ்நோக்கிச் சற்றே சாய்த்துப் பிடித்து மூன்று தட்டுத் தட்டினார். வெண்தூள் கொஞ்சம் உதிர்ந்தது. படத்தை மாட்டிவிட்டுக் கை கழுவப் போனார்.

அவன் படத்தின் கீழ் விளிம்பை ஒரு விரலால் இழுத்துப் பார்த்தான். அசையவில்லை. இன்னும் அழுத்தி இழுத்தான். அப்போதும் அசையவில்லை. அது விழுந்துவிட வேண்டும் என்று தான் விரும்புவதை உணர்ந்து கையை எடுத்துக்கொண்டான்.

அம்மா படுக்கையில் ஏழு வாரங்கள் கிடந்தாள். கழுத்தைத் திருப்ப இயலாது. அறையின் கதவோ தலைமாட்டுக்குப் பின்னால். முதல் வாரத்திலேயே அவள் கேட்டது ஒன்றுதான்: தன் முகம் பார்க்கும் கண்ணாடியை எதிர்ச்சுவரில் மாட்ட வேண்டும். இடத்தையும் அவளே சொன்னாள். இன்னும் இடப்பக்கம், இன்னும் கொஞ்சம் கீழே என்று அவள் சொல்லச் சொல்ல, அவன் நகர்ந்து நகர்ந்து பென்சிலால் ஒரு புள்ளி வைத்தான். தெருக்கதவில் யார் வருகிறார்கள் என்று பார்க்க விரும்புகிறாள் போலும் என எண்ணிக்கொண்டான்.

அவன் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வாளன். அறைச் சுவரும் ஜிப்சம் பலகைதான்; தடிமன் பன்னிரண்டரை மில்லிமீட்டர். கண்ணாடியைச் சமையலறைத் தராசில் நிறுத்தான்: முந்நூற்று நாற்பது கிராம். விரல்முட்டியால் தட்டித் தட்டி உள்ளிருந்த இரும்புச் சட்டத்தைத் தேடினான். புள்ளி இரு சட்டங்களுக்கு நடுவே, வெற்றிடத்தின்மேல் விழுந்திருந்தது. துளைக்குள் செருகித் திருகாணியைப் பிடிக்க வைக்கும் பிளாஸ்டிக் பிளக் வாங்கினான். பலகை பொடிந்துவிடுமோ என்று, பலகையின் மறுபுறம் போய்ச் சிறகு விரிக்கும் திருகாணியையும் வாங்கினான். அதற்குப் பெரிய துளை போட வேண்டும். டிரில் இரைச்சல் அம்மாவுக்கு ஆகாது. ஒட்டுக் கொக்கி வாங்கினான். பெயின்ட் உரிந்து வந்துவிட்டால்?

"கண்ணாடி என்னைவிடக் கனமாடா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"விழுந்தா உன் கால்மேலதான் விழும். சரியானதாப் பார்த்து மாட்டுறேம்மா."

"அது விழறதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்துடுவேன்."

இருவரும் சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மாட்டிவிடுவதாகச் சொன்னான். ஒவ்வொரு வாரமும் அதையே சொன்னான்.

நேற்றும் ஞாயிறுதான். கூடத்தில், சாப்பாட்டு மேசையில், வாங்கியவற்றை வரிசையாக வைத்து அவன் ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோது அறைக்குள் மூச்சு நின்றிருக்கிறது. வந்த டாக்டர் நேரம் கேட்டார். எட்டரைக்கும் ஒன்பதேகாலுக்கும் இடையில் என்பதற்குமேல் அவனால் துல்லியமாகச் சொல்ல முடியவில்லை.

"இன்னொரு ஆணி இருக்கா, மாப்ள?" கை கழுவிவிட்டு வந்தவரிடம் கேட்டான்.

 அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

அம்மாவின் அறையில் மெத்தையைச் சுருட்டி ஓரமாக வைத்திருந்தார்கள். பென்சில் புள்ளியில் ஆணியைச் சாய்த்து வைத்து மூன்று தட்டுத் தட்டினான். கண்ணாடியை மாட்டினான். பிறகு வெறுங்கட்டிலில், அவள் தலை இருந்த இடத்தில் தன் தலையை வைத்துப் படுத்தான்.

கண்ணாடியில் தெருக்கதவு தெரியவில்லை. சாப்பாட்டு மேசையின் ஒரு முனையும், அவன் வழக்கமாக உட்காரும் நாற்காலியும் தெரிந்தன. நாற்காலியின் முதுகில் அவன் நேற்றுக் கழற்றிப் போட்ட சட்டை கிடந்தது.

கண்ணாடிக்குள் தங்கை வந்தாள். மேசைமேல் இருந்த பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

"அண்ணா, இதையெல்லாம் எங்க வைக்கிறது?"

  மாலையில் வருபவர்களுக்கு இடம் வேண்டி, அவள் நாற்காலியை மேசைக்கடியில் தள்ளிவிட்டுப் போனாள். சட்டையின் ஒரு கை மட்டும் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது.