விளிம்புவரை எண்ணெய்

பிளக் கழன்று வந்ததும் ஸ்பானர் மாமா அதை வெயிலில் திருப்பிப் பார்த்தார். கறுப்பு. ஈரமான, பளபளக்கும் கறுப்பு. முனையில் ஒரு சொட்டு தொங்கியது.

"கரியா மாமா?" என்றாள் அவள்.

"கரின்னா தூளா உதிரும் பாப்பா. பெட்ரோல் அதிகமாப் போனா அப்படி வரும். இது எண்ணெய். பிளக்கே எண்ணெயில குளிச்சிருக்கு, பொறி எங்கேருந்து வரும்?"

வீட்டின் பின்பக்கம் அவர்கள் இருவரும் மட்டும். முன்னறையில் அப்பாவின் உடல். அவரை எடுத்துப்போகும் வண்டி பதினோரு மணிக்கு வரும் என்றிருந்தார்கள். இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

காலையில் அண்ணன் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டான். "பிஸ்டன் ரிங் மாத்துறேன்னு இன்ஜினைப் பிரிச்சீங்களே மாமா, ஒழுங்காத்தான் மாட்டினீங்களா?" நாற்பது வருடமாக அப்பாவுக்கு நண்பர், அந்தப் பழைய மோட்டார் சைக்கிளைத் தொட அப்பா அனுமதித்த ஒரே ஆள்.  ஸ்பானர் மாமா தன் காரில் இருந்த பழுதுபார்க்கும் சாமான்களை எடுத்துக்கொண்டு பின்பக்கம் வந்துவிட்டார். "உங்கப்பன் இந்த வீட்டை விட்டுப் போறதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும்" என்று அவளிடம் மட்டும் சொன்னார்.

வண்டி அப்பாவைவிட நான்கு வயது மூத்தது. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாற்பது நாளும் கொட்டகையில் நின்றது. நேற்று காலை, வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள், தெருமுனை வரைக்கும்தான் என்று எடுத்துக்கொண்டு போனார். பாலத்து ஏற்றத்தில் அது புகை கக்கி நின்றது. யாரையும் கூப்பிடவில்லை. மிச்ச ஏற்றத்தையும் தள்ளியே ஏறினார். மேலே போய் வண்டியைச் சரியாக ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, பக்கத்தில் உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

மாமா பிளக் இல்லாமலே பத்துப் பன்னிரண்டு தடவை கிக்கரை உதைத்தார். உள்ளே தேங்கியிருந்ததை இன்ஜின் துப்பியது. புதுப் பிளக்கை மாட்டினார். கிக்கர் மேல் முழு உடம்பையும் ஏற்றி நின்றார். அது கொஞ்சம் இறங்கி, அவரைத் தாங்கிக்கொண்டு நின்றது.

"பாத்தியா? ரிங் சரியில்லைன்னா கிக்கர் பொசுக்குன்னு இறங்கிடும். தாங்குது பாரு. தாங்குது."

சாவு வீட்டில் வரக் கூடாத ஒரு நிம்மதி அவர் முகத்தில் வந்தது. உடனே போனது.

"அப்ப இவ்வளவு எண்ணெய் எங்கேருந்து வந்துச்சு?"

அவளுக்குத் தெரியும். பிளக்கில் தொங்கிய சொட்டைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது.

அந்த வண்டிக்கு எண்ணெய் தனி டேங்கில். பல நாள் நின்றால் அது மெல்லக் கசிந்து இன்ஜின் அடியில் இறங்கிவிடும். டேங்க் காலிபோலத் தெரியும். ஆனால் எண்ணெய் எங்கும் போகவில்லை. ஓட்டினால் பம்ப் திரும்ப மேலே ஏற்றிவிடும். அதனால்தான் அப்பா வண்டியை எடுக்கும்முன் அந்த மூடியைத் தொடவே மாட்டார். "முதல்ல ஓட்டு, அப்புறம் பாரு" என்பார். ஓடுகிற ரேடியோவைக் கேட்பதுபோல, மனதில் வாங்காமலே அவள் அதைக் கேட்டு வளர்ந்திருந்தாள்.

முந்தாநாள் மாலை அவள் மூடியைத் திறந்து பார்த்தாள். அடியில் ஒரு விரல்கடை எண்ணெய்தான். ஆபரேஷன் தையல் ஆறும்வரை குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பா குனிய வேண்டாமே என்று ஒரு டப்பாவை முழுசாக ஊற்றினாள். சொல்லிக்காட்டுவது போலாகும் என்று சொல்லவில்லை. மறுநாள் அவர் வழக்கப்படி திறந்து பார்க்காமலே எடுத்தார்.

மாமா மூடியைத் திருகினார். எண்ணெய் விளிம்பில் நின்று அவர் விரலில் வழிந்தது. கொஞ்ச நேரம் விரலையே பார்த்தார்.

"யாரு ஊத்தினது?"

அண்ணன் கதவருகே வந்து நின்றான். "என்ன மாமா, தெரிஞ்சுதா?"

"டேங்க் முட்ட எண்ணெய். அடியிலயும் எண்ணெய். அது மேல ஏற இடமே இல்ல. எடுக்கறதுக்கு முன்னாடி யாரோ ஊத்தியிருக்காங்க."

"அப்பாதான்" என்றாள் அவள். "அப்பாதான் ஊத்தினார். நான் பாத்தேன்."

கடைசி இரண்டு வார்த்தை தேவையே இல்லை.

"அவனா?" என்றார் மாமா. "நாப்பது வருஷத்துல அவன் ஒரு தடவைகூட..." நிறுத்திக்கொண்டார். அவளைப் பார்த்தார். பிறகு கந்தல் துணியை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தார்.

"மயக்க மருந்து குடுத்தா அப்படித்தான் மாமா, மறதி வரும்" என்றான் அண்ணன். அவர் கையை அழுக்கோடு பிடித்துக்கொண்டான். "காலையில நான் பேசினது தப்பு. மனசுல வச்சுக்காதீங்க."

"விடுப்பா."

விஷயம் அவர்களுக்கு முன்னால் முன்னறைக்குப் போய்விட்டது.

"கட்டினவளைவிட அந்த வண்டியைத்தான் அதிகம் தொடச்சான் எங்கண்ணன்" என்றாள் அத்தை. "கடைசியில அதுக்கு எண்ணெய் எப்ப ஊத்தணும்னே மறந்து போச்சா!" யாரோ சிரித்து வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"முந்தாநாள் என்கிட்ட ஒரே விஷயத்தை ரெண்டு தடவை சொன்னார்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"போன்ல என் பேரையே மாத்திக் கூப்பிட்டார்" என்றாள் அண்ணி.

"பின்ன? ஆளு அப்பவே பாதி போயாச்சு" என்றது ஒரு குரல்.

அரை மணி நேரத்தில் அப்பா ஒன்றும் நினைவில்லாத கிழவராகிவிட்டார். சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்ததாகக்கூட ஒருவர் சொன்னார். அவள் சுவரோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். சொல்ல இன்னும் நேரம் இருந்தது. ஒரே வரி. 

அம்மா காலையிலிருந்து வாய் திறக்கவில்லை. இப்போது, யாரையும் பார்க்காமல், "ஸ்டாண்டு போட்டுட்டுத்தானே செத்தார்" என்றாள்.

 அத்தை ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள்.

வாசலில் அப்பாவை எடுத்துப்போகும் வண்டி வந்து நின்றது. மாமாவைக் கூப்பிட அவள் பின்பக்கம் போனாள். அவர் எண்ணெய் டேங்குக்கு அடியில் இருந்த போல்ட்டைக் கழற்றி ஒரு சட்டி வைத்திருந்தார்.

"எடுக்கப் போறாங்க மாமா."

"வர்றேன். இது நிக்கட்டும்."

எண்ணெய் விரல் தடிமனில் இறங்கிக்கொண்டிருந்தது. அதில் டீ நிறம்கூட ஏறியிருக்கவில்லை.

"புதுசு" என்றார் அவர், சட்டியைப் பார்த்தபடி. "நல்ல எண்ணெய்தான்."

உள்ளேயிருந்து அண்ணன் அவளைக் கூப்பிட்டான். இன்னொரு தடவையும் கூப்பிட்டான். சட்டி நிறைந்தது. மாமா காலால் ஒரு பழைய வாளியை நகர்த்தினார். அவள் குனிந்து, நிறைந்த சட்டியைச் சிந்தாமல் இழுத்துவிட்டு, வாளியை அடியில் தள்ளினாள். எண்ணெய் அறாமல் இறங்கிக்கொண்டே இருந்தது.