விளக்கெண்ணெய்ப் புகை

இப்போதெல்லாம் ஒரு பயலுக்கும் மூக்கு வேலை செய்வதில்லை என்பது தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் இராசையாவின் ஓயாத புலம்பல். தலைக்கு மேலே ஏரோப்பிளேன் சத்தம் கேட்டால் போதும், கூடையைப் போட்டுவிட்டு அண்ணாந்து நிற்கிறார்கள். “வாய்க்குள்ள காக்கா எச்சம் போட்டாக்கூடத் தெரியாது இவனுகளுக்கு” என்பார்.

அவர் அண்ணாந்து பார்த்ததே இல்லை. இலங்கையின் நமுனுகுல மலைப் பக்கம் அப்போது பறந்தவை இரண்டே. ஜெர்மன் சண்டை முடிந்து திரும்பிய பக்கத்துத் தோட்டத்துத் துரைமார் இரண்டு பேர் ஆளுக்கொன்று வைத்திருந்தார்கள். கீழ்த்தோட்டத்துத் துரையின் பிளேனில் விசிறியோடு எஞ்சினே சேர்ந்து சுற்றும். அதற்கு விளக்கெண்ணெய்தான் ஊற்றவேண்டும். நீலம் பாய்ந்த வெள்ளைப் புகையும் பேதி மருந்து வாடையுமாகப் போகும். மேல்தோட்டத்துத் துரையுடையது அவரே பலகையும் துணியும் வைத்துக் கட்டி, மோட்டார் கார் எஞ்சின் பூட்டியது. கரிப்புகை கக்கும். குனிந்த தலை நிமிராமல் செடி வெட்டிக்கொண்டே இராசையா “கீழ்த்தோட்டம்” என்பார், “மேல்தோட்டம்” என்பார். தப்பினதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒருநாள் மத்தியானம் மலையை மூடுபனி அடைத்திருந்தது. அவருடைய ஒரே மகள் தனலெட்சுமி, கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கப் பிள்ளைக்காம்பராவுக்கு வந்திருந்தாள். மலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகிற அறை அது. வாசலில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் போட்ட நேரம், பனிக்குள்ளிருந்து அந்தச் சனியன் இறங்கியது. கூரைத் தகரத்தைச் சுருட்டிப் பிய்த்தது. பிய்ந்த தகரம் அவள் கழுத்தில் இறங்கியது. பிளேன் சுவரோரமாக உறுமிக்கொண்டு மறுபடி பனிக்குள் ஏறிப் போயே போய்விட்டது.

இராசையா ஓடி வந்தபோது மகளின் தலை தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. பிள்ளை, தாயின் இரத்தத்தில் நனைந்து வீரிட்டுக்கொண்டு கிடந்தது.

பிளேனைக் கண்ணால் கண்டவர் யாருமில்லை. இராசையா மூச்சை இழுத்தார். இடமெல்லாம் விளக்கெண்ணெய் நாறியது.

“கீழ்த்தோட்டம்” என்றார். அதற்குப்பிறகு அவர் அழவில்லை.

சாயங்காலம் இழவு கேட்டுக் கீழ்த்தோட்டத்துப் பிளேனின் எஞ்சின்காரன் சிவஞானம் இராசையாவின் லயத்து வீட்டுக்கு வந்தான், வேலைச் சட்டையைக்கூட மாற்றாமல். அவனுக்கு முன்னால் வாடை உள்ளே வந்தது.

“ஒன்னைய யாருடா வரச்சொன்னது?” என்றார் இராசையா.

“தனலெட்சுமி எனக்குத் தங்கச்சி மொறை பெரியப்பா. வராம இருப்பேனா?”

“மோந்து பாருங்கடா இவனை!”

இழவுக்குக் கூடியிருந்தவர்களில் ஒருவன் சட்டையைப் பிடித்து இழுத்து மோந்தான். “அதே நாத்தந்தாண்ணே!”

“அய்யோ, நான் எண்ணெயிலயே பொழங்குறவன். எங்க பிளேனு இன்னிக்குக் கொட்டகைய விட்டு வெளியே வரல, சாமி சத்தியமா! அது ஒரசியிருந்தா செவரு பூரா எண்ணெய் தெறிச்சிருக்கும். போய்ப் பாருங்க பெரியப்பா!”

“துரை தட்டுல நக்குறவன் துரைக்காகத்தான் கொரைப்பான்.”

துரையை யாரும் நெருங்க முடியாது, பங்களாவில் துப்பாக்கி இருந்தது. கைக்கெட்டினவன் சிவஞானம். முதல் உதை வயிற்றில் விழுந்தது. மடங்கியவனை முற்றத்துக்கு இழுத்துப் போட்டு, விறகுக்கு அடுக்கியிருந்த தேயிலைக் கட்டைகளால் அடித்தார்கள். பல் தெறித்தது. ஒரு கண் இரத்தக் கட்டியாய் மூடிக்கொண்டது. “நான் இல்லை” என்றவன் பிறகு வெறுமனே “அம்மா, அம்மா” என்றான்.

இராசையா கவ்வாத்துக் கத்தியோடு வந்தார்.

“வலது கையை நீட்டிப் புடிங்க. அதுதான எண்ணெய் ஊத்துச்சு.”

நாலு பேர் பிடித்தார்கள். செடியை வெட்டுகிற மாதிரி, சாய்த்து ஒரே வெட்டு. மணிக்கட்டோடு போயிற்று.

அந்த அலறலுக்குத்தான் பெரியாயி பதறி ஓடிவந்தாள். பிள்ளைக்காம்பராவில் பிள்ளை பார்ப்பவள். அதுவரை தாயில்லாத குழந்தையைக் கழுவித் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள்.

“அடப் பாவிகளா, என்னடா செஞ்சீங்க? இன்னிக்குப் பிள்ளைங்களுக்குப் பேதிக்குக் குடுக்குற நாளுடா! கூரை பிஞ்சப்போ வெளக்கெண்ணெய்ச் சட்டி எங் கையிலருந்து விழுந்து ஒடைஞ்சிச்சு. நீங்க மோந்தது எஞ் சட்டிய!”

கட்டைகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன. மாதா மாதம் பேதி எண்ணெய் குடித்து வளர்ந்தவர்கள்தான் அத்தனை பேரும். ஒருவனுக்கும் அந்த நினைப்பு வரவில்லை. யாரோ வேட்டியைக் கிழித்துச் சிவஞானத்தின் கையைக் கட்டினார்கள். கம்பளியில் போட்டுப் பதுளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

பெரியாயி இராசையாவின் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய்ப் பிள்ளைக்காம்பராச் சுவருக்கு முன்னால் நிறுத்தினாள். வெள்ளையடித்த சுவரில் ஆள் நீளத்துக்குக் கரி அப்பியிருந்தது. ஒரு பொட்டு எண்ணெய் இல்லை.

“பாருண்ணே. கரிப்புகை. மேல்தோட்டத்தான்.”

இராசையா விரலால் தொட்டார். மோந்தார். மறுபடி மோந்தார்.

“அடுப்புக் கரி.”

“இங்க ஏதுண்ணே அடுப்பு?”

“யாராச்சும் பூசியிருப்பான். துரைமாரெல்லாம் ஒரே கூட்டு.”

“ஒரு புள்ளையோட கைய வாங்கிட்டு நிக்கிற. ஒம் மனசு ஒத்துக்கவே மாட்டேங்குதா?”

“எம் மூக்கு இன்னிவரைக்கும் தப்புனதில்ல. இன்னிக்கு மட்டும் தப்புமாக்கும்!”

கரி விரலை வேட்டியில் துடைத்துவிட்டு, மகளுக்குக் குழி வெட்டுகிற இடத்தை நோக்கி, “பொம்பள பேச்சு” என்று முணுமுணுத்தபடியே இராசையா நடந்தார்.